மாப்பிள்ளை சொன்ன குட்டைத் தோட்டா

ராசா வட்டாரம், சிரம்பான், மலேசியா.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை மயூரன் அவர்களுக்கு, மாமனார் சந்திரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை புஷ்பவள்ளியும் சுகம். பெர்த்தில் நீங்களும் எங்கள் மகள் புனிதாவும் சுகமாக இருக்க முனியாண்டி சாமியை வேண்டிக்கொள்கிறேன். சாமிக்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை அவ்வளவு சரியில்லை. காரணம் கீழே வருகிறது. இதை வாட்ஸ்அப்பில் சொல்லலாமே என்று புனிதா கேட்பாள். அதில் சொன்னால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். கடிதத்தில் கேட்காது.

தீபாவளிக்கு வந்தபோது புக்கிட் பெலண்டோக் நிலத்தைப் பார்த்தீர்கள். எண்ணெய்க்காக மறுநடவு செய்த செம்பனைக் கன்றுகளின் குருத்தைக் காட்டுப் பன்றிகள் தோண்டித் தின்கின்றன, வயதான காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட வேண்டிய கன்றுகள் பன்றிக்குச் சோறு போடுகின்றன என்று நான் புலம்பினேன். நீங்கள் என் பழைய ஷாட்கன்னைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் வேட்டைக்குக் கொண்டுபோகும் ரைஃபிளைப் பற்றிச் சொன்னீர்கள். ஏழு எம்எம் ஷார்ட் மேக்னம். தோட்டா குட்டை, ஆனால் தடிமன். நீளத் தோட்டாவின் பலம் அப்படியே உள்ளே இருக்கிறது. தோட்டா குட்டையானதால் ரைஃபிளும் அடக்கமாக, தூக்க லேசாக இருக்கும் என்றீர்கள். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அங்கே கணக்கு வாத்தியாருக்குத் தலையாட்டிய மாதிரியே உங்களுக்கும் ஆட்டினேன். நேரம் பாருங்கள், சிரம்பானில் ஓய்வுபெற்ற தோட்ட மானேஜர் ஒருவர் பிள்ளையோடு இருக்க வெளிநாடு கிளம்பும்போது அதே ரக ரைஃபிளை விற்றார். லைசென்ஸ், போலீஸ் அனுமதி எல்லாம் முறைப்படி முடித்து வாங்கிவிட்டேன். கூடவே கொஞ்சம் தோட்டாவும், சுட்டுப்போட்ட காலிக்கூடு ஒரு பை நிறையவும் கொடுத்தார். காலிக்கூட்டை எதற்கு இப்படிப் பத்திரப்படுத்தினார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மேற்கொண்டு தோட்டா வாங்க டவுனில் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடை முதலாளி சீனத் தவுக்கே என் பெர்மிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சந்திரன், இத நான் புக்ல படம்தான் பாத்தேன் லா. ஏழு எம்எம்ல நீளத் தோட்டா எங்கிட்ட இருக்கு. குட்ட இல்ல.”

“ஆஸ்திரேலியாவுல இதுதான் வெச்சிருக்காங்களாம் தவுக்கே. எங்க மாப்பிள்ள சொன்னாரு.”

“அப்ப மாப்பிள்ள வூட்டுப் பக்கத்துலதான் நான் கட போடணும்.”

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் ஒரு ஆளுக்காக வரவழைக்க முடியாது, இதே தோட்டா கேட்கிற இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா என்றார். நான் எங்கே போக. மானேஜர் காலிக்கூட்டைக்கூட ஏன் சேர்த்துவைத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு போர் அளவு ஷாட்கன் தோட்டா, பிஸ்கட் டின் மாதிரிக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. நீங்கள் சொன்னதில் தவறு என்று நான் சொல்லவில்லை மாப்பிள்ளை. கடைதான் தவறான நாட்டில் இருக்கிறது.

அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டது கஞ்சத்தனம். பக்கத்து நிலத்துக்காரன் சுகுமாறன், என்னோடு வேட்டைக்கு வருகிறவன், புது ரைஃபிள் என்றால் முதலில் காகிதத்தில் சுட்டுக் குறியைச் சரிசெய்ய வேண்டும் என்றான். காகிதமா என் கன்றைத் தின்கிறது என்று கேட்டேன். மேலே இருந்த ஸ்கோப் கண்ணாடியைத் துணியால் துடைத்ததோடு குறி சரி என்று வைத்துக்கொண்டேன். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் வேட்டைக் கூட்டத்தில் புதுத் துப்பாக்கி இறங்கினால் ஒரு தோட்டாவை முனியாண்டி காலடியில் வைத்து, எலுமிச்சம்பழமும் சுருட்டும் படைத்துவிட்டு, சாமி பெயரைச் சொல்லி அதைத்தான் முதலில் சுடுவது வழக்கம். எனக்கு அந்த ஒன்றைக்கூட வைக்க மனசு வரவில்லை. பையிலிருந்து ஒரு காலிக்கூட்டை எடுத்துப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டேன். பூசாரி அதற்குச் சந்தனம்கூடப் பூசினார்.

விடிகிற நேரத்தில் நானும் சுகுமாறனும் நிலத்தில் உட்கார்ந்தோம். கன்றுகளுக்கு நடுவே ஒரு பன்றி வந்து நின்றது.

“சுடுங்கண்ணே.”

“சின்னதுடா. இதுக்குப் போயி இந்தத் தோட்டாவா?”

அது ஒரு கன்றைத் தின்று முடித்துப் போனது. அடுத்து வந்தது கொஞ்சம் பெரிது, சேற்றில் நின்றது.

“இதுக்கென்னண்ணே கொற?”

“பக்கவாட்டுல திரும்பட்டும். வீணாப் போயிடக் கூடாது.”

“பன்னிக்குப் பொண்ணா பாக்குறீங்க? சுடுங்கண்ணே.”

மூன்றாவதாகக் கொம்பன் ஒன்று, குட்டிகளும் தாய்களுமாகக் கூட்டத்தோடு வந்தது. இதுதான் என் தோட்டாவுக்குத் தகுதியான பன்றி என்று முடிவுசெய்து, ஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்து அழுத்தினேன். மாப்பிள்ளை, சத்தமா அது. மலைக்கு மலை சுடுகிற பலத்தை நம் வீட்டு கேட்டுக்கும் ரோட்டுக்கும் உள்ள தூரத்தில் காட்டினால் எப்படி இருக்கும். ரைஃபிள் பின்னால் உதைத்து ஸ்கோப் புருவத்தில் ஏறியது. பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேட்டோரம் நான் வைத்திருந்த நீலத் தண்ணீர்த் தொட்டி ஓட்டை விழுந்து கொட்டத் தொடங்கியது. இன்னொன்று சுடலாம் என்று போல்ட்டை இழுத்தால், அடுத்த தடித் தோட்டா உள்ளே குறுக்கே படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதற்குள் எங்களைப் பார்த்து ஓடிவந்த ஒன்றைச் சுகுமாறன் தன் துருப்பிடித்த ஷாட்கன்னால், எல்லாக் கடையிலும் கிடைக்கிற தோட்டாவால், ஒரே வெடியில் சாய்த்தான். அப்புறம்தான் என் நெற்றி ரத்தத்தைப் பார்த்தான்.

“சாமிக்கு என்னண்ணே வெச்சீங்க?”

சொன்னேன்.

“முனியாண்டிகிட்டயே காலி டப்பாவா? தொட்டியோட விட்டாரேன்னு கும்பிட்டுக்குங்க.”

சுட்டவனுக்குத் தலையும் தொடையும், தவறவிட்டவன் குடல் கழுவ வேண்டும் என்பது எங்கள் பங்கு முறை. ஒரு கண் வீங்கி, நான் ஆற்றில் உட்கார்ந்து கழுவினேன். உங்கள் அத்தை பிரட்டல் செய்தாள். சாப்பாட்டில் குறையில்லை, அன்றைக்குச் சிரிப்பிலும் குறையில்லை. என் புருவத்துக்கு மேல் பிறை மாதிரி வடு விழுந்திருக்கிறது. கோயிலில் ஒருவர் என்ன வேண்டுதல் என்று கேட்டார்.

ஆகையால் நான் தீர யோசித்து எடுத்த முடிவைத் தெரிவிக்கிறேன். உங்கள் தோட்டா சிறந்த தோட்டாதான். ஆனால் தோட்டாவுக்கு வேண்டிய முதல் குணம் அது கடையில் இருப்பது. வேகமும் பலமும் அதற்கப்புறம். இல்லாத தோட்டாவை வைத்துக்கொண்டு யோசித்து யோசித்துச் சுடுகிறவனுக்குப் பன்றி காத்திருக்காது. நாளைக் காலையில் ரைஃபிளை முறைப்படி தவுக்கேயிடம் ஒப்படைத்துவிட்டுப் பழைய ஷாட்கன்னுக்கே திரும்புகிறேன். இதில் உங்கள்மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. உங்கள் அத்தைக்கு மட்டும் கொஞ்சம் உண்டு, அதுவும் தொட்டிக்காக.

சம்பந்தி பிரேமநாதன் அவர்களிடம் இந்த விஷயத்தைச் சொல்ல வேண்டாம். வீடு நிறையப் பிள்ளைச் செல்வத்தோடு நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

அன்புள்ள மாமா,
சந்திரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சுகுமாறன் வந்தான். நான் சுட்ட நாளிலிருந்து என் நிலத்தில் ஒரு பன்றியும் கால் வைக்கவில்லை. கன்றுகளெல்லாம் புதுக் குருத்து விட்டிருக்கின்றன. அந்தச் சத்தத்துக்குப் பயந்து மொத்தக் கூட்டமும் அவன் நிலத்துக்குக் குடிபோய்விட்டதாம். “அண்ணே, அந்த ரைஃபிள எடுத்துக்கிட்டு வாங்க. நம்ம பக்கமும் ஒரு தடவ தவறவிட்டுட்டுப் போங்க,” என்று வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலேயே நிற்கிறான். எனவே மேலே எழுதிய முடிவைப் படித்திருந்தால் மறந்துவிடவும். ரைஃபிள் தவுக்கேயிடம் போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நான்தான் சுகுமாறன் நிலத்துக்குப் போகிறேன்.