சுண்ணாம்பு சரிபார்க்கப் போனவர் சம்பந்திக்கு எழுதியது

முருகன் துணை

முத்தையாபுரம்,
விரோதி வருஷம், சித்திரை மாதம்.

உடன்குடி கருப்பட்டி வியாபாரம், மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ சம்பந்தி பிச்சையா அண்ணாச்சி அவர்கள் சமூகத்திற்கு, முத்தையாபுரம் பலசரக்குக் கடை இசக்கியப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் ஒருவன் நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் மதினியும் மாப்பிள்ளை செந்தில்வேலும், தங்கள் கோபம் நீங்கலாக, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கார்டு கிடைத்தது. "குடிகாரன் வீட்டில் பெண் எடுக்கிற வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை, வைகாசி முகூர்த்தத்தை மறந்துவிடவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கார்டில்! தபால்காரர் தாமும் வாசித்து, கடையில் நின்றவர்களுக்கும் வாசித்துக் காட்டி, அதற்குப் பிறகுதான் என் கையில் கொடுத்தார். அடுப்படிக்குள் போன என் மகள் சண்முகவடிவு இன்னும் வெளியே வரவில்லை. அண்ணாச்சி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! நான் மதுவிலக்குக் கமிட்டி அங்கத்தினர் அல்லவா? கள்ளுக்கடை இருந்த காலத்திலேயே அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போனவன். போன வருஷம் மாகாணம் முழுக்கக் கடைகளை மூடியபோது வந்தவர் போனவருக்கெல்லாம் சீனி மிட்டாய் கொடுத்தவன். என்னைப் போய் அந்த வார்த்தை சொல்லலாமா?

நடந்தது இதுதான். சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாத கலயத்தில் இறங்கினால் கள் என்பது உடன்குடிக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பனை விளையில் சுண்ணாம்பு ஒழுங்காகத் தடவுகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பைக் கமிட்டி என்னிடம் கொடுத்தது. மற்ற அங்கத்தினர்கள் கலயத்தின் வாயை எட்டிப் பார்த்து, வெள்ளையாக இருக்கிறதா, சரி என்று போய்விடுவார்கள். எனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே! குடித்துப் பார்க்காமல் சர்ட்டிபிகேட் கொடுப்பது மோசடி இல்லையா? எனக்கோ சின்ன வயதிலேயே கொழும்புக் கடைக்குப் போனதால் பதநீர் ருசியெல்லாம் மறந்து போயிற்று. ஆனாலும் கடமை என்று பனையேறி மாசானம் ஓலைப் பட்டையில் ஊற்றியதை வாங்கிக் குடித்தேன். சுருக்கென்றது. "என்னலே மாசானம், இது நுரைக்குதே?" என்று கேட்டேன். "வெயில்ல நுரைக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. நுரைச்சாத்தான் நல்ல பதனி" என்றான். பாஸ் பண்ணினேன். தலை கொஞ்சம் சுற்றியது. பித்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதுக்கப்புறம் கடமையில் எனக்கு ஏற்பட்ட ஊக்கத்தை என்னவென்று சொல்ல! வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று கமிட்டி சொன்னது. நான் தினமும் போனேன். காலையில் பார்த்த கலயம் சாயங்காலம் எப்படி இருக்கோ என்று மனசு கேட்காமல் மறுபடியும் போனேன். மாசானத்துக்கு என் மேல் அலாதிப் பிரியம், எனக்கென்றே ஒரு கலயம் தனியாக எடுத்து வைத்திருப்பான். தங்கள் மகளைக் கட்டின மருமகன் பார்த்துவிட்டு வந்து கோள் சொன்னாரே, துறைமுகத்துக்குப் பக்கத்தில் நடந்த பிரசாரக் கூட்டம், அதற்கு நான் விளையிலிருந்து நேரே போனேன். குடியால் கெட்ட குடும்பங்களை நினைத்துப் பேசினேன், அழுகை வந்துவிட்டது. காவலுக்கு நின்ற போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தது உண்மைதான், அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே! என் சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்தியதும் உண்மை. தலைவர் மடியில் தூங்கியது களைப்பினால். கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். உணர்ச்சி ஆளுக்கு ஆள் மாறத்தானே செய்யும்?

பிறகு மாசானம் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டான், பரிசோதனை நின்றது. அன்றைக்கே எனக்குக் கை நடுக்கம் ஆரம்பம். தராசைப் பிடித்தால் மிளகு ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். பெண்சாதி பகவதி பயந்துபோய் தேவபிரசாதம் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், "எத்தனை காலமா குடிக்கிய?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் யார் தெரியுமா? மதுவிலக்குக் கமிட்டி! தினமும் கலயத்தைக் குடித்துப் பரிசோதனை பண்ணுகிறவன்!" என்றேன். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே, "கோவப்படாதிய அண்ணாச்சி. கடைய மூடுன பிறகு இங்கன வாரவங்க எல்லாம் தினுசு தினுசாத்தான் வாராங்க. ஒருத்தன் வார்னிஷ் குடிச்சிட்டு வாரான், ஒருத்தன் இஞ்சி டிங்சர் குடிச்சிட்டு வாரான். பரிசோதனை குடிச்சிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். கேட்டீர்களா அநியாயத்தை! விளைப் பக்கமே போகக்கூடாது, மோர் குடிக்கணும், உடம்பு குளிர நல்ல பதனி குடிக்கணும் என்று எழுதிக் கொடுத்தார். குடிகாரனுக்கு எந்த டாக்டராவது பதனி கொடுப்பாரா, நீங்களே சொல்லுங்கள். இதிலிருந்தே என் யோக்கியதை விளங்கவில்லையா?

ஆகையால் அண்ணாச்சி, கோபத்தை விட்டுவிட்டு முகூர்த்தத்தை உறுதி செய்து எழுதவும், தயவுசெய்து கவரில் எழுதவும். மதினிக்கு என் கும்பிடு. மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். திருச்செந்தூரான் தங்கள் வியாபாரத்தையும் என் மானத்தையும் சேர்த்தே காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ஒரு சொட்டும் தொடாத
இசக்கியப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுகிற நேரத்தில் வடிவு ஒரு செம்போடு வந்தாள். டாக்டர் சொன்ன பதநீர். வேறொரு விளைக்குத் தானே போய் நின்று, கலயத்தின் அடி வரைக்கும் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வந்திருக்கிறாள். ஒரு வாய் குடித்தேன். இனிப்பு அண்ணாச்சி! நுரை இல்லை, சுருக்கென்று இல்லை, தலை சுற்றவில்லை. மாசானம் விளையில் ஒரு நாள்கூட இந்த ருசியை நான் பார்த்ததே இல்லை. அத்தனையையும் பாஸ் பண்ணினவன் நான்தான். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். உங்கள் கார்டுதான் சரி. ஆனால் குற்றம் என்னுடையது, பிள்ளையை ஒதுக்காதீர்கள். நான் கல்யாணத்துக்கு வரவில்லை, எங்கேயாவது போய்விடுகிறேன். தாரை வார்க்க அவள் தாய்மாமன் இருக்கிறான். இதை எழுதும்போது வடிவு என் தோளுக்கு மேலே நின்று வாசித்துவிட்டாள். "அப்பா வராத கல்யாணம் எனக்கு வேண்டாம். அதையும் எழுதுங்க. மொதல்ல செம்புல இருக்கத குடிச்சு முடிங்க" என்கிறாள். குடித்து முடித்தேன். எழுதிவிட்டேன்.