சுறா அண்ணையும் சீன வைத்தியரும்

தொண்ணூறுகளில் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் இருந்த தமிழர்களில், மீனைப் பற்றிக் கேள்வி கேட்டே ஒரு வைத்தியரைக் களைக்க வைத்தவர் சுறா அண்ணை ஒருவர்தான். மன்னார்க்காரர். நாங்கள் மூன்று பேர் அவரோடு ஒரே வீட்டில் இருந்தோம். மீன் இல்லாத நாளில் செத்தவீட்டில் நிற்பவரைப் போலச் சோற்றைப் பார்ப்பார்.

உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக் கழுவி அவருடைய கைகள் வெடித்து இரத்தம் கசிந்தது. இந்தக் கையோடு சமையலறைக்குள் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போனால் ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிடும் அலுவலும் போய்விடும். பூசிய களிம்பெல்லாம் தோற்ற பிறகு, யாரோ சொன்ன ஒரு சீன வைத்திய அம்மையாரிடம் போனார். டொச் மொழி கதைக்க நான் துணை.

அம்மையார் நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, ஒரு பை நிறைய வேரும் பட்டையும் கொடுத்தார். அவித்துக் குடிக்க வேண்டும். குடித்து முடியும் வரை மீன் கூடாது.

அண்ணை கதிரையை விட்டு எழும்பவில்லை. கருவாடும் மீனில் சேர்த்தியோ என்று கேட்கச் சொன்னார். சேர்த்திதான் என்றார் அம்மையார். மீனை எடுத்துப்போட்டுக் குழம்பை மட்டும் சோற்றில் விட்டுச் சாப்பிட்டால்? அதுவும் மீன்தான். மூக்கால் மணந்து பார்க்கலாமோ? அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மணக்கலாம் என்றார்.

ஏன் கூடாது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. சில சாப்பாடுகள் உள்ளே இருக்கும் அரிப்பையும் கடியையும் கிளப்பிவிடும் என்று அம்மையார் விளக்க, அண்ணையின் முகம் மலர்ந்தது.

"இதைத்தானே நாங்கள் கிரந்தி எண்டுறது? அப்ப சுறா சாப்பிடலாம். அது கிரந்தியில்லை. பிள்ளை பெத்த பெண்டுகளுக்கே குடுக்கிறது. சொல்லு தம்பி."

மொழிபெயர்த்தேன். அம்மையார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவர் அண்மையில் பிள்ளை பெற்றாரா என்று என்னிடம் கேட்டார். அன்றிலிருந்துதான் அவர் சுறா அண்ணை.

ஆனால் மனிதர் பத்தியத்தை மீறவில்லை. மணக்க அனுமதி இருந்ததால், நாங்கள் மீனைக் கழுவி வெட்டிக் கொடுக்க, எங்களுக்கு மட்டும் நாள்தோறும் மீன் சமைத்தார். சட்டிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உப்புப் பார்க்க அகப்பையை என் வாயில் வைத்துவிட்டு, நான் சொல்வதை நம்பாமல் என் முகத்தையே உற்றுப் பார்ப்பார். பிறகு அந்தக் கறுப்புக் கசாயத்தை மடமடவென்று குடித்துவிட்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, வயிற்றுப் பக்கத் துண்டு வாயில் கரைகிறதா என்று விசாரிப்பார்.

பனி கரையும் காலத்தில் கைகள் ஆறின. மருந்தாலா, மீனை விட்டதாலா, கைகள் தண்ணீரில் படாமல் ஓய்ந்திருந்ததாலா என்பது எனக்கு இன்றும் புதிர். முதலாளி திரும்ப வேலைக்கு எடுத்தார். அம்மையாரும் மீனுக்கு அனுமதி கொடுத்தார்.

அன்று சுறாவை அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுத்த சுறா வறை. அண்ணையே சமைத்து, எங்களுக்குப் போட்டு, தனக்கும் போட்டுக்கொண்டார். ஆனால் கை வைக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்கோ அண்ணை, ஆறப்போகுது," என்றேன்.

"பொறு தம்பி. நீங்கள் சாப்பிடுறதைப் பாத்துப் பழகிப்போச்சு."

அவர் முதல் வாய் வைக்கும் வரை நாங்கள் மூவரும் சாப்பிடாமல் காத்திருந்தோம்.