சட்டைப் பைக்குள் ஒரு புகைபோக்கி

"இன்ஹேலரு பூமியைச் சூடாக்குதா?"

முத்துவேல் உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தவரிடம், ஸ்வேதா என்ற ஆராய்ச்சி மாணவி கருத்துக் கேட்க வந்திருந்தாள். மருத்துவத்தாலும் பருவநிலை கெடுகிறதாம். அதைப் பற்றி நோயாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறாளாம். ஆஸ்பத்திரி ஏ.சி., மயக்க மருந்து, தூக்கியெறியும் பிளாஸ்டிக் என்று அவள் அடுக்கும்வரை முத்துவேல் "அநியாயம்மா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். "சில இன்ஹேலர்ல இருந்து வர்ற கேஸும்..." என்றதும் ஆள் வெலவெலத்துப் போனார். மிச்சத்தைக் கேட்க அவர் அங்கே இல்லை. டாக்டரையும் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார்.

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். முத்துவேல் அப்படிப்பட்டவரா? புதுவயலில் யார் குப்பையைக் கொளுத்தினாலும் வாளித் தண்ணீரோடு போய் நிற்பவர். மனைவி ஹேமாவதியின் தம்பி மருதுபாண்டி அங்கே அரிசி ஆலை வைத்திருக்கிறான். ஆலைப் புகைபோக்கி கக்கும் உமிச் சாம்பலில் தெருவே இருமுகிறது என்று, மச்சினன் என்றும் பாராமல் மனுக் கொடுத்தவர். வருகிற திங்கட்கிழமை அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். சாம்பலைப் பிடிக்கும் கருவியை மாட்டு, இல்லையென்றால் ஆலையை மூடு என்று சொல்லிவிடுவார்கள். தெரு முழுக்க அவரைத்தான் நம்பி இருந்தது.

"அவன்கிட்ட ஒரு புகைபோக்கின்னா எங்கிட்டயும் ஒண்ணு. நான் சட்டைப் பைக்குள்ள வச்சிருக்கேன், அம்புட்டுத்தான்" என்றார் வீட்டுக்கு வந்து. முகம் வெளிறிக் கிடந்தது.

"காலையில மருந்து இழுத்தீகளா?" என்று மட்டும் கேட்டாள் ஹேமாவதி.

இழுக்கவில்லை. இனி இழுக்கவும் மாட்டாராம். மாத்திரை டப்பாவையும், அதில் ஒன்றைப் போட்டுத் திருகி உறிஞ்சுகிற அந்தச் சின்னக் கருவியையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பதிலுக்கு நொச்சி இலை ஆவி. அதற்கு அரை நாள் கேஸ் அடுப்பு எரிந்தது. கேஸும் பாவம்தானே என்று விறகை மூட்டினார். புகை ஏறி இழுப்பு இரண்டு மடங்கானது. சரி, டாக்டரையே கேட்டுவிடலாம் என்று மறுநாள் கிளம்பியவர், மோட்டார் பைக்கும் புகைதானே என்று உச்சி வெயிலில் நடந்தார். நடந்தவர் மூச்சு முட்டி விழுந்தது மருதுபாண்டியின் ஆலை வாசலில். மனுஷனுக்கு விழ வேறு இடமா இல்லை?

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். லோடு ஏற்றி நின்ற லாரியிலேயே மருதுபாண்டி அக்கா புருஷனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு காரைக்குடிக்கு விரட்டினான். ஒற்றை ஆளுக்குத் துணையாக லாரி நிறைய அரிசியும் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தது.

அங்கே ஏ.சி. அறை, ஆக்சிஜன், மூக்கில் மாஸ்க், நர்ஸ் தொடும்போதெல்லாம் புதுக் கையுறை, ஊசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. குப்பைத் தொட்டி நிரம்ப நிரம்ப முத்துவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, இத்தனையும் என்னாலா என்று பதறிப்போய், மாஸ்க்கைத் தூக்கி ஏ.சி.யை அணைக்கச் சொன்னார். நர்ஸ் மாஸ்க்கைப் பழையபடி அமுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மூச்சு கொஞ்சம் சீரானதும் மருதுபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, பூமியைச் சூடாக்குனதுல நானும் கூட்டாளிதான். ஒன்னயக் கேக்க எனக்கு யோக்கியதை இல்லப்பா. மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்."

மருதுபாண்டிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசி வாக்கியம் மட்டும் நன்றாகப் புரிந்தது. "அதை அப்புடியே இதுலயும் சொல்லிருங்க மச்சான்" என்று போனை வாய்க்கு நேரே நீட்டினான்.

சொன்ன கையோடு அது தெரு வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது. அங்கிருந்து அதிகாரிகளுக்கும் போய், திங்கட்கிழமை வருகை ரத்தானது. சாயங்காலம் ஹேமாவதி வந்தபோது அவள் முந்தானை முழுக்கச் சாம்பல். தம்பி ஆலை முன்னைவிட மும்முரமாக ஓடுகிறதாம். தெருவில் ஒருத்தர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். முத்துவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"நியாயத்தை அப்பறம் பாப்போம், மொதல்ல இதை இழுங்க" என்று ஹேமாவதி பீரோவிலிருந்து எடுத்து வந்த கருவியை நீட்டினாள். 

அந்த நேரம் பார்த்து ஸ்வேதா எட்டிப் பார்த்தாள். அன்றைக்குப் பாதியில் நின்ற கேள்விகளை முடிக்க வேண்டுமாம்.

"எழுதிக்க தாயி" என்றார் முத்துவேல். "பூமி சூடானதுக்கு நானும் ஒரு காரணம். அதான் மனுவையே விட்டுக்குடுத்துட்டேன்."

ஸ்வேதா எழுதவில்லை. ஹேமாவதி கையிலிருந்த கருவியைக் காட்டிச் சொன்னாள்:

"ஐயா, நான் சொல்ல வந்தது அமுக்குனா கேஸோட பீச்சுற இன்ஹேலரு. உங்களுது மாத்திரைக்குள்ள இருக்குற வெறும் தூளாச்சே, இதுல ஏது கேஸு?"