மாப்பிள்ளை போட்ட இருமல் மருந்து

“டொப்!”

அடுப்படி மூலையிலிருந்து கிளம்பிய தக்கை உத்திரத்தில் முட்டி, சோணைமுத்துவின் இலையில், அப்பளத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. தக்கையின் பின்னாலேயே ஒரு வாடையும் வந்தது. புளிப்பும் இனிப்புமாக, கொஞ்சம் கிறக்கமாக, மதுவிலக்கு அமலில் இருந்த 1967-ல் காரைக்குடியில் எந்த வீட்டிலிருந்தும் வரக் கூடாத வாடை.

எதிரில் நின்ற செம்மலைக்கு உள்ளங்கால் வேர்த்தது. சட்டத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், மாமனாரைச் சமாளிக்க முடியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் கல்யாணப் பந்தலில், மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர் மேல் லேசாக வாடை அடிக்கிறது என்று பந்தியிலிருந்து எழுப்பி, தன் வண்டியிலேயே ஏற்றி ஊருக்கு அனுப்பிவைத்தவர் அவர். அந்த ஆள் செம்மலையின் பெரியப்பா.

“என்ன மாப்ளே அது?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். செம்மலை பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். வெள்ளிக்கிழமை பள்ளி ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். செல் சுவாசம் பாடத்தைச் சோதனையோடு நடத்திக் காட்டினால் வேலை நிரந்தரமாகும். அதற்காக வெல்லத் தண்ணீரில் ரொட்டிக்கடை ஈஸ்ட்டைக் கரைத்துப் புட்டியில் அடைத்து, தக்கையில் துளை போட்டு, பப்பாளித் தண்டைக் குழாயாகச் செருகி வைத்திருந்தான். நுரை ஏறிக் குழாய் அடைத்துக்கொண்டதால் தக்கை பறந்தது. அவ்வளவுதான். ஆனால் ‘அதில் என்ன உண்டாகும்?’ என்று அடுத்த கேள்வி வந்தால், பாடப் புத்தகத்தில் இருக்கிற பதில் ‘சாராயம்’.

“இருமல் மருந்து மாமா” என்றான்.

“அப்படியா?” சோணைமுத்து இரண்டு தடவை இருமினார். “நெற்குப்பையில பஸ் ஏறுனதுலருந்து எனக்கும் நெஞ்சுல கெட்டியாத்தான் இருக்கு. ஒரு கரண்டி ஊத்துங்க.”

நாகவல்லி புருஷனைப் பார்த்தாள். புருஷன் சுவரைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அவளே ஊற்றினாள்.

சோணைமுத்து கண்ணை மூடி விழுங்கினார். கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரமானது.

“கசக்கலையே?”

“புள்ளைக மருந்து மாமா.”

“ம். வெளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க.”

அவர் வெற்றிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனதும் நாகவல்லி புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கப்பாவுக்குச் சாராயத்தை ஊத்த வச்சிட்டீகளே!”

“சாராயமெல்லாம் இல்ல. இன்னும் சரியாப் பொங்கக்கூட இல்ல.”

“அப்ப அது என்னதான் பண்ணுது உள்ள?”

“மூச்சு விடுது” என்றான்.

அவள் சிரிக்கவில்லை. புட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஏறி வரும் குமிழியைப் பார்த்தாள். வகுப்பில் நாற்பது பேர் இருந்தும் இவ்வளவு கவனமாகப் பார்க்கிற ஆள் அவனுக்கு அதுவரை வாய்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“ஈஸ்ட்டு கண்ணுக்குத் தெரியாத உசிரு. ஒரே ஒரு செல்லு. வெல்லந்தான் அதுக்குச் சோறு. காத்து இருந்தா சோத்தை முழுசா எரிச்சு, நெறைய சக்தி எடுத்துக்கும். காத்து இல்லைன்னு வையி, அரைகுறையா எரிக்கும். கொஞ்சூண்டு சக்திதான் கெடைக்கும். எரியாம மிஞ்சி நிக்கிறதுதான் இந்த வாடை.”

“நமக்குள்ளயும் எரியுதா?”

“ஒவ்வொரு செல்லுலயும். கோடி கோடியா இருக்கு. தின்ன சோத்தை, இழுத்த மூச்சை வச்சு எரிச்சுக்கிட்டே இருக்கு. தீ இல்ல, புகை இல்ல. சூடு மட்டும் வரும். அதான் உன் கை இப்பிடிக் கதகதன்னு இருக்கு.”

அவள் கையைத் தான் பிடித்திருப்பதை அப்போதுதான் அவன் கவனித்தான். அவளும் அப்போதுதான் கவனித்ததுபோல இருந்தாள். இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஒரு கிளாசில் எடுத்து, பப்பாளித் தண்டைக் கொடுத்து ஊதச் சொன்னான். அவள் கன்னம் உப்ப ஊதினாள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது.

“ஆத்தீ! இது எங்குட்டிருந்து வந்துச்சு?”

“மத்தியானம் நீ தின்ன சோறு. எரிஞ்சு, வாயுவா வெளிய வருது.”

அவள் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “பேசாம அப்பாகிட்டச் சொல்லிருவோம். இவ்வளவு நல்லாச் சொல்றீக, கேட்டுக்கிருவாரு.”

“வெள்ளிக்கெழமை கழியட்டும்” என்றான் செம்மலை.

ஆனால் சோணைமுத்துவின் இருமல் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கிற இருமலாக இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கரண்டி, பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மத்தியானத்துக்குள் புட்டி நாலு விரல்கடை இறங்கிவிட்டது. சோதனைக்கு மிஞ்ச வேண்டுமே என்று செம்மலை வெல்லத் தண்ணீர் ஊற்றி நிரப்பினான். புதுச் சோறு கிடைத்த ஈஸ்ட் இரண்டு மடங்கு குஷியாகப் பொங்கியது.

கசந்தால் கேட்க மாட்டார் என்று ஆடாதோடை இலையை இடித்துப் பிழிந்தான். வாடை அமுங்கட்டும் என்று சுக்கும் மிளகும் தட்டிப் போட்டான்.

சோணைமுத்து நாக்கைச் சப்புக்கொட்டினார். “நேத்தைக்கு இன்னிக்குப் பக்குவம் கூடியிருக்கு மாப்ளே.”

அன்று சாயங்காலம், முன்கட்டில் இருந்த வீட்டுக்காரக் கண்ணம்மை ஆச்சி, கையில் வெள்ளிக் கிண்ணத்தோடு பின்கட்டுக்கு வந்தாள்.

“ஒங்க மாமனார் சொன்னாக. ஏதோ மருந்து போட்டிருக்கீகளாமே? எனக்கும் இருமல்தான்” என்றாள். குடி வந்த எட்டு மாதத்தில் ஆச்சி ஒரு தடவை இருமி அவர்கள் கேட்டதில்லை. நினைவு வந்தவளாக இப்போது இருமிக் காட்டினாள்.

புதன்கிழமை காலையில் ஆச்சியின் தங்கச்சிக்கும் இருமல் வந்தது. விற்றால்தான் குற்றமா, சும்மா கொடுத்தாலும் குற்றமா என்று செம்மலை யாரிடம் கேட்பது?

“மருந்து தீந்து போச்சு மாமா” என்றான்.

சோணைமுத்துவின் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆனது. “போகட்டும். உள்ளதுதான் தீரும்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். செம்மலைக்கே பாவமாக இருந்தது.

வாடை துளியும் வெளியே வரக் கூடாது என்று, துளையில்லாத புதுத் தக்கையை அடித்து இறுக்கி, சணலால் நாலு சுற்றுக் கட்டி, பின்வாசலில் தவிட்டுப் பானைக்குள் புட்டியைப் புதைத்தான். அடைத்துவைத்தாலும் உள்ளே இருப்பது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பது பாடத்தின் முதல் வரி. நடத்தப் போகிற வாத்தியாருக்கு அவசரத்தில் அது மறந்துவிட்டது. தவிட்டுக்குள் இருந்த கதகதப்போ ஈஸ்ட்டுக்குத் தாய்மடி.

வியாழக்கிழமை காலை, சோணைமுத்து அரியக்குடிப் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்த நேரம், பானை வெடித்தது.

செம்மலை ஓடிப் பார்த்தபோது பின்வாசல் பூராவும் தவிட்டு மழை. பானை ஓடு கிணற்றடி வரைக்கும் கிடந்தது. வாடை ஒரு நாள் பூராவும் அடைபட்ட கோபத்தோடு தெருவுக்குப் போய்விட்டது.

போன வாடைக்குப் பதிலாக ஒரு சைக்கிள் மணிச் சத்தம் வந்தது.

“யாரு வீட்டுல?” ஏட்டு கருத்தையா சந்து வழியாகவே உள்ளே வந்து நின்றார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். “வெடி போட்ட மாதிரி சத்தம் கேட்டுச்சே?”

செம்மலை வாயைத் திறப்பதற்குள் நாகவல்லி முன்னால் வந்துவிட்டாள். தலைமுடியெல்லாம் தவிடு.

“நான்தான் ஏட்டய்யா போட்டேன். இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது.”

“பொய் சொல்றா!” என்று செம்மலை அவளை மறித்துக்கொண்டு நின்றான். “எல்லாம் நான். வெல்லம் நான், ஈஸ்ட்டு நான், ஆடாதோடையும் நான்.”

“நீங்க பேசாம இருங்க. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராக.”

“நீ உள்ள போ.”

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “யாராச்சும் ஒருத்தரு, என்னன்னு வெவரமாச் சொல்லுங்க.”

செம்மலை சொன்னான். ஈஸ்ட்டிலிருந்து ஆரம்பித்து, காற்றுள்ள சுவாசம், காற்றில்லாச் சுவாசம், சர்க்கரை, சக்தி என்று, இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல வேண்டிய அத்தனையையும் ஏட்டுக்குச் சொன்னான். பாதியில் பயம் போய்ப் பாடம் வந்துவிட்டது. சுண்ணாம்புத் தண்ணீரை நீட்டி ஊதச் சொன்னான்.

“நானா?” என்றார் ஏட்டு. மற்றவர்களை ஊதச் சொல்லிப் பழகியவர். தயங்கித் தயங்கி ஊதினார். வெளுத்த தண்ணீரை நெடுநேரம் பார்த்தார்.

“இது எனக்குள்ள எரியுதா?”

“தூங்கையிலகூட எரியுது.”

“அடேயப்பா.” கிளாசை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். “புட்டிதான் ஒடஞ்சு போச்சே, நாளைக்கு என்ன செய்வீக?”

“இப்பக் கரைச்சா ரெண்டு மூணு மணி நேரத்துல குமிழி வந்துரும்” என்றாள் நாகவல்லி, வாத்தியாருக்கு முந்தி.

செம்மலை ஏட்டின் கையைப் பிடித்துக்கொண்டான். “என்னைக் கூட்டிட்டுப் போறதுன்னாலும் வாரேன். எங்க மாமாவை மட்டும் இதுல இழுத்துறாதீக. அவரு வாழ்நாள்ல தொட்டதில்ல. ஒண்ணும் அறியாத மனுசன், மருந்துன்னு நம்பிக் குடிச்சாரு.”

“ஒண்ணும் அறியாத மனுசனா?” கருத்தையா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். “திங்கக்கெழமை வெத்தலை வாங்கின கையோட ஒங்க பாடப் புஸ்தகத்தைக் கொண்டாந்து ஸ்டேசன்ல விரிச்சுக் காட்டி, ‘எங்க மாப்ளை தங்கமான மனுசன், புள்ளைகளுக்குப் பாடத்துக்குப் போட்டிருக்காரு, யாரும் போயி அவரைப் பயங்காட்டிறாதீக, ருசி பாக்குற பொறுப்பை நானே ஏத்துக்கிறேன்’னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்காருய்யா!”