ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கேம் மிஷின்

தெரியாத வேலையைத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த வியாதி இருபத்தாறு வயதில் எனக்கு உச்சத்தில் இருந்தது. அப்போது போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. காயை அள்ளிக் குலுக்கினாலே ஈரம் எவ்வளவு, என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிவிடுவேன். (முதலாளி ஒருநாளும் அந்த விலைக்கு விற்றதில்லை என்பது வேறு விஷயம்.)

என் தங்கை கவிதாவிடம் கையில் பிடித்து விளையாடும் கேம் மிஷின் ஒன்று இருந்தது. டியூசன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கியது. அவளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், சொந்த லேப்டாப் வேண்டும். மிஷினை விற்றால்தான் லேப்டாப். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பூப்பாறையில் பழைய கேம் மிஷின்கள் வாங்கி விற்கும் பிஜு சேட்டன், போட்டோவைப் பார்த்துவிட்டு நல்ல விலை சொல்லியிருந்தார். கீறல் இல்லை, பெட்டியும் பில்லும் இருந்தன அல்லவா? சனிக்கிழமை நாலு மணிக்குள் கொண்டு போக வேண்டும். அதற்குமேல் அவர் எர்ணாகுளம் கிளம்பிவிடுவார்.

"நானே போறேன்ணே," என்றாள்.

"பழைய சாமானுக்கு வெல பேச உனக்கு என்ன தெரியும்? கொண்டா இங்க."

"சரி. பெட்டிய மட்டும் தொறக்காத."

போடிமெட்டு ஏறும் ஜீப்பில் மூன்றாவது வளைவிலேயே திறந்துவிட்டேன். விற்கிற பொருளைச் சோதிக்க வேண்டாமா? கார் பந்தயம். ஜீப்பு ஒரு பக்கம் திரும்ப, என் கார் இன்னொரு பக்கம் திரும்ப, சாரல் அடிப்பதே தெரியவில்லை.

"தம்பி, நனையுது பாரு, உள்ள வைய்யிப்பா," என்றார் எதிரே இருந்த தோட்டத்து அக்கா.

"இந்த ரவுண்டு முடியட்டும்க்கா."

ரவுண்டு முடியவில்லை. திரையில் கோடு கோடாக வந்து மிஷின் அணைந்தது. அமுக்கினேன், தட்டினேன், குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். ம்ஹூம். மணி ஒன்று.

அப்போது என் மூளை வேலை செய்தது. அதுதான் வினையே. நனைந்த பொருளை என்ன செய்வோம்? காயப்போடுவோம். வழியில் ஒரு தோட்டத்தில் என் சேக்காளி முருகன் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை ஏலக்காயைத் தட்டு தட்டாகப் பரப்பி, அடியில் ஓடும் குழாய்ச் சூட்டில் உலர்த்துகிற அறை அது. அங்கே இறங்கிவிட்டேன்.

"டேய் மாப்ளே, இதென்ன காயா?" என்றான் முருகன்.

"ஈரம்னா ஈரந்தான்டா. தட்டுல வை."

"மேல் தட்டுலயா?"

"அடித்தட்டுல வை. வெரசா காயணும்."

ஒன்றரை மணி நேரம் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றேன். உள்ளே வேகிறது மிஷின் அல்ல, தங்கச்சியின் வேலை. அந்த நேரம் பார்த்து போன்.

"போயிட்டியாண்ணே?"

"வெல பேசிட்டே இருக்கேன்," என்றேன். (பாவி!)

வெளியே எடுத்து அமுக்கினேன். திரை எரிந்தது! முருகனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தமே கொடுத்துவிட்டேன். பின்பக்கம் லேசாக உப்பியிருந்தது. ஆறினால் அமுங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த ஜீப்பில் தொற்றினேன்.

கடைக்குள் நுழையும்போது மூன்று ஐம்பது. சேட்டன் மிஷினைக் கண்ணாடி மேசையில் வைத்தார். அது பம்பரம் மாதிரி அரைச் சுற்றுச் சுற்றியது. அவர் மூக்கருகே கொண்டுபோனார்.

"எந்தா இது, ஏலக்கா வாசம் வருது?"

"எங்க ஊர்ல எல்லாத்துலயும் வரும் சேட்டா."

திருப்பிப் பார்த்தவர், தேளைத் தொட்டதுபோல் கையை உதறினார். "ஐயோ! பேட்டரி வீங்கியிருக்கு! பொட்டும், பொட்டும்! வெளிய கொண்டு போ!"

பொட்டும் என்றால் வெடிக்கும். கடையில் இருந்த இரண்டு பேர் என்னைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார்கள். நான் மிஷினைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்தபடி, மூச்சுகூட விடாமல் நடந்து வாசல் மணலில் வைத்தேன். எல்லோரும் ஒரு ஜீப்புக்குப் பின்னால் நின்று பார்த்தோம். புஸ்ஸென்று புகைந்து அடங்கியது.

"இப்ப என்ன வெல குடுப்பீங்க சேட்டா?" என்று அப்போதும் கேட்டேன். என் வாய் அப்படி.

"ஏலக்காயா இருந்தா கிலோவுக்கு வெல சொல்லலாம்," என்று ஷட்டரை இழுத்தார்.

கவிதாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "உனக்கு கை கிய்யி சுடலையேண்ணே?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜீப்பு ஸ்டாண்டிலேயே நின்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை என் பைக்கை விற்றோம். பழைய லேப்டாப் வாங்கப் போனபோது, "நீ வெளியவே நில்லுண்ணே," என்று சொல்லிவிட்டு அவளே உள்ளே போனாள். நான் பேசியிருந்தால் கிடைத்திருக்கும் விலையைவிட இரண்டாயிரம் குறைத்து வாங்கி வந்தாள். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள்.

இன்று அவளுக்குக் கீழே பதினைந்து பேர் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் நான் சேலை, செருப்பு, கைக்கடிகாரம் என்று எதை வாங்கிக் கொடுத்தாலும் எல்லோர் முன்னாலும் முதலில் மோந்து பார்ப்பாள். "பரவால்லண்ணே, இது ஸ்டோருக்குப் போகல," என்று சொல்லிவிட்டுத்தான் பிரிப்பாள். வீடே சிரிக்கும்.

போன மாதத்திலிருந்து என் பெண்டாட்டியும் மோந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.