பதுளைக்குப் போன மழைச்சீட்டு

தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அழகையா காலையில் மழை அளக்கப் போனபோது, அளவுப் பாத்திரம் சேற்றில் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் துரை பங்களாவின் பசு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

மூன்று நாளாக விடாத மார்கழி மழை. இரவு முழுக்கக் கொட்டியதில் ஒரு சொட்டுக்கூடப் பாத்திரத்தில் மிச்சமில்லை. ஏழு மணிக்குத் தபால்காரன் வந்துவிடுவான்.

மலையில் நான்கு அங்குலம் பெய்தால் பதுளை நகரத்துக் கடைவீதியில் ஆற்று வெள்ளம் ஏறும் என்பது தோட்டத்துத் துரையின் கணக்கு. அதனால் தினமும் அளவைத் துரையின் புத்தகத்தில் எழுதி, அங்குள்ள கடைக்காரர் ராமாமிர்தத்துக்கும் எச்சரிக்கையாகச் சீட்டு அனுப்ப வேண்டும். ஏழு வருஷத்தில் அழகையா ஒரு நாளும் பிசகியதில்லை.

"இப்ப என்னத்த எழுதுறது?" என்று மனைவியிடம் வந்து நின்றார்.

"ரெண்டுன்னு எழுதுங்க. யாரு வந்து அளந்து பாக்கப் போறா?" என்றாள் நல்லம்மா.

எழுதி அனுப்பினார். பத்து மணிக்குத் துரை கூப்பிட்டார்.

"கணக்கப்பிள்ளே! மதகையே தண்ணி அடிச்சிட்டுப் போயிருக்கு. ரெண்டு அங்குலமா?"

"பாத்திரம் ஒழுகுதுங்க தொரை."

"கொண்டா, பாக்கிறேன்."

ஒழுகாத பாத்திரத்தை எப்படிக் காட்டுவது? வீட்டுக்கு ஓடி, ஆணியால் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார்.

"அடைச்சு வை," என்றார் துரை.

மெழுகை உருக்கி அடைத்தார். பயத்தில் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிட்டார். மறுநாள் காலை அளவு ஏழு அங்குலம் காட்டியது.

"மெழுகு பாதி எடத்தப் புடிச்சிருக்குமோ?" என்று கையைப் பிசைந்தார். "நேத்து ரெண்டு, இன்னைக்கு ஏழுன்னா தொரை விடுவாரா?"

"மூணுன்னு போடுங்க. நேத்தைக்கு மேல ஒண்ணு."

மூன்று என்று போட்டார்.

அடுத்த நாள் தபால்காரன் ஓடி வந்து நின்றான். "பதுளை ஆறு கடைவீதிக்குள்ள பூந்துருச்சுங்க. ஆத்தோரத்துக் குடிசையில ரெண்டு பேரைக் காணோமாம்."

அழகையா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான்தான் கொன்னுட்டேன் நல்லம்மா."

"சொல்லிக் குடுத்தது நான்தானே," என்று அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பதுளைக்குக் கிளம்பினார். கணவாய் ஏறி இறங்கிப் பன்னிரண்டு மைல். துரை வேலையைவிட்டு நீக்குவார், போலீசு பிடிக்கும், நல்லம்மா தனியாக நிற்பாள் என்று நினைத்து நினைத்து நடந்தார்.

கடைவீதி முழங்கால் சேறு. ஊறி வெடித்த அரிசி மூட்டைகளுக்கு நடுவே ராமாமிர்தம் மண்வெட்டியோடு நின்றார். அவர் மனைவி வள்ளியம்மை சேலைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அழகையா சேற்றிலேயே விழுந்து கும்பிட்டார். "அய்யா, என்னைய மன்னிச்சிருங்க! ஏழுன்னு எழுத வேண்டியத மூணுன்னு எழுதிட்டேன். ஒங்க அரிசியும் போயி, ரெண்டு உசுரும் போச்சு!"

ராமாமிர்தம் விழித்தார். "எதுல எழுதினீங்க?"

"மழைச் சீட்டுலங்க. தெனமும் தோட்டத்துலேருந்து வருமே."

"அட, அந்தச் சீட்டா!" ராமாமிர்தம் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

வள்ளியம்மை பிழிந்த சேலையை உதறினாள். "ஏழு வருசமா எதுக்கு அனுப்புறீங்கன்னு கேக்கணும்னே இருந்தோங்க. ஒங்க தோட்டத்துத் தண்ணி மலைக்கு அந்தப் பக்கமுல்ல எறங்குது, இந்த ஆத்துக்கு ஒரு சொட்டும் வாறதில்லையே!"