பங்காளி வாத்தியாரின் சுண்டுவிரல்

புதுக்கோட்டைச் சீமையில் செடிகளுக்கெல்லாம் சொந்தம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, தன் சொந்தத்தைத் தொலைத்த மனிதர் ஒருவர்தான். கீரனூரில் என் மெஸ்ஸில் மூன்று வேளையும் சாப்பிட்ட தாவரவியல் வாத்தியார். பங்காளி வாத்தியார் என்றால்தான் ஊருக்குத் தெரியும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் சாம்பாருக்காகத் திருச்சி பஸ்ஸை விட்டவர்கள் உண்டு.

அந்தச் சாம்பாரைக் கிளறிவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்: "தக்காளி, கத்திரிக்கா, உருளக்கெழங்கு, மொளகா. ஒரே குடும்பத்தக் கூண்டோட கொன்னுபுட்டீங்களே மெஸ்ஸம்மா. பூவப் பாருங்க, எல்லாத்துக்கும் ஒரே மொகம்."

"தின்னுட்டு எந்திரிங்க வாத்தியாரே. எலைக்கு ஆள் நிக்கிது."

தன் அண்ணன் மகள் நிச்சயத்தன்று பெண்ணின் தலையில் இருந்த மல்லிகையை உருவிப் பிய்த்து, அது பவளமல்லிக்கு என்ன உறவு என்று சபைக்கு விளக்கினார். கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. தனிக்கட்டை அவர், இருந்த ஒரு அண்ணன் உறவும் அறுந்துபோயிற்று.

அப்புறந்தான் என் கையைப் பார்த்தார். என் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும். அவருக்கும் அப்படியே.

"எங்கிட்டோ நமக்கு ஒரே பாட்டன்க்கா."

"எங்க வகையறா வேற. சொந்தம் கொண்டாடுனாலும் அப்பளம் ஒண்ணுதான்" என்றேன். ஆனாலும் அன்று முதல் நான் அக்கா.

தாமரையும் அல்லியும் கூடப்பிறந்தவை என்று ஆயுசு பூராவும் பாடம் எடுத்தவர். போன வருஷம் அவரிடம் முன்பு படித்தவர் ஒருவர் சாப்பிட வந்த இடத்தில் சொன்னார்: "சார், ஜீனப் பாத்துட்டாங்க. தாமரைக்கும் அல்லிக்கும் ஒட்டே இல்ல. தண்ணியில கெடந்து கெடந்து ஒரே சாயலாயிருச்சு, அம்புட்டுத்தான்."

வாத்தியார் பாதிச் சோற்றில் கை கழுவினார். மறுநாள் வந்து, "மெஸ்ஸம்மா, கொஞ்சம் ரசம்" என்றார்.

"அக்கா எங்க போனா வாத்தியாரே?"

"கண்ணால பாத்தத நம்ப முடியலங்க. வெரலும் அப்படித்தான்."

அதற்குப் பிறகு இலையில் சோறு மிஞ்சியே கிடக்கும். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன், வரவில்லை. நான் ரசம் கொண்டுபோனபோது அவர் கண் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொந்தக்காரங்க மட்டுந்தான் இருக்கணும். நீங்க யாரும்மா?" என்றது நர்சுப் பிள்ளை.

"அக்கா."

அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு கைகளையும் பார்த்தது. "வெரலப் பாத்தாலே தெரியுதே. இருங்கம்மா."

அதைக் கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்து பாடமே எடுத்திருப்பார். கேட்கவில்லை. என் தம்பியின் கை சில்லிடும்வரை அங்கேயே இருந்தேன்.